பெரியம்மாவின் கொழும்பும் சின்னம்மாவின் கொழும்பும்

எழுபதுகளின் நடுப்பகுதியில் வடமராட்சிப் பிள்ளை ஒன்று கொழும்பு பார்ப்பதும் பார்க்காததும் தகப்பனின் உத்தியோகத்தில் தங்கியிருந்தது. அரசாங்க உத்தியோகமென்றால் ரயில் வாறண்ட் உண்டு; வாறண்ட் உண்டென்றால் ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பு உண்டு. என் அப்பா வாத்தியார். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் கொடிகாமம், அங்கிருந்து இரவு மெயில் கோச்சி, விடியக் கோட்டை ஸ்ரேசன். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நல்லூர்த் தேருக்கு முதல்நாளாவது நான் வீட்டில் நிற்க வேண்டும்.

கொழும்பில் அம்மாவுக்கு இரண்டு சகோதரிகள். மூத்தவர் வெள்ளவத்தையில், இளையவர் கொட்டாஞ்சேனையில். இரண்டு வீட்டுக்கும் இடையில் பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம். இருந்தும் பெரியம்மா சின்னம்மா வீட்டுப் படி ஏறி நான் கண்டதில்லை. பெரியப்பா ஒரு திணைக்களத்தில் லிகிதர். ஊரில் பேசிச் செய்த கல்யாணம், சீதனமாக வீடும் வளவும். சின்னம்மா பெரியாஸ்பத்திரியில் தாதி. துறைமுகத்தில் வேலைசெய்த கத்தோலிக்கத் தமிழர் ஒருவரைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டார். அம்மப்பா நெடுங்காலம் அவரோடு கதைக்கவில்லை. அம்மா கதைத்தார். அதனால் எனக்கு ஒரே விடுமுறையில் இரண்டு கொழும்பு கிடைத்தது.

கொண்டுபோகும் மூட்டை பெரும்பாலும் வெள்ளவத்தைக்குத்தான். செத்தல் மிளகாய், வெங்காயம், பனங்கட்டிக் குட்டான், கட்டாகக் கட்டிய முருங்கைக்காய், வைக்கோலில் பொதிந்த கறுத்தக்கொழும்பான். வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். எங்கள் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கிய காலமும் அதுதான். கொழும்பிலோ விடியப்புறம் பாணுக்குக் கியூ. மாம்பழத்தைவிட மிளகாய்ப் பையைத்தான் பெரியம்மா முதலில் அவிழ்த்துப் பார்ப்பார்.

வெள்ளவத்தையின் கணக்கு இலகு. நடுவில் காலி வீதி. அதிலிருந்து ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் ஹவ்லொக் வீதிப் பக்கத்துக்கும் சீப்பின் பற்களாக ஒழுங்கைகள். கடல்பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் தண்டவாளத்தில் போய் முடியும். தண்டவாளத்துக்கு அப்பால் கருங்கற்கள், பிறகு கடல். பெரியம்மா எனக்கு எல்லை குறித்துத் தந்திருந்தார்: வடக்கே வாய்க்கால் பாலம், தெற்கே தெஹிவளை, மேற்கே தண்டவாளம், கிழக்கே நெசவாலை. அந்த நாலு எல்லைக்குள் எங்கேயும் போகலாம், பத்து மணிச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும்.

நான் ஒரு ஒழுங்கையால் இறங்கி, தண்டவாள ஓரமாக நடந்து, அடுத்த ஒழுங்கையால் ஏறுவேன். இராமகிருஷ்ணா வீதியில் மிஷன் மண்டபம், ஸ்ரேசன் வீதி முடிவில் புகையிரத நிலையம். கந்தோர் நேரத்துக் கோச்சியில் வெள்ளைச் சேட்டுகள் வாசலில் தொங்கிக்கொண்டு போகும். கடல் காற்றுக்கு உப்புப் பிடித்து யன்னல் கம்பிகள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித் துருவேறி இருக்கும். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கியது. அதன் நூலகத்தில் பெரியப்பா என்னை இருத்திவிட்டு, வெளியே நின்று அரசியல் கதைப்பார். சந்தையில் முருங்கைக்காய் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் நடந்த பேரம் அச்சொட்டாக நெல்லியடிச் சந்தையில் கேட்ட பேரம். இவ்வளவு தூரம் கோச்சியில் வந்து நெல்லியடியையே பார்க்கிறோமோ என்று எனக்கு ஒரு ஏமாற்றம் வந்ததும் உண்டு.

மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, காலிமுகத் திடலில் இறால் வடை: எல்லாரும் பார்த்ததை நானும் பார்த்தேன், எல்லாரும் தின்றதை நானும் தின்றேன். சொல்ல ஒன்றுமில்லை. சவோய் தியேட்டரில் பெரியண்ணாவோடு பார்த்த ஆங்கிலப் படத்தின் பெயர்கூட நினைவில்லை. இடைவேளையில் குடித்த ஐஸ் கோப்பி நினைவிருக்கிறது.

நினைவில் நின்றது பின்னேரங்கள்தான். கந்தோரால் வந்து, மேல் கழுவி, சாரம் மாற்றி, பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கடற்கரைக் கற்களில் போய் இருப்பார்கள். புதிதாக ஒருவர் வந்தால் பெயருக்கு முதல் வரும் கேள்வி, "எந்த ஊர்?" கரவெட்டி. வட்டுக்கோட்டை. காரைநகர். கோண்டாவில். அதற்குப் பிறகு கோவில், பள்ளிக்கூடம், யாருக்கு யார் சொந்தம் என்று கதை போகும். இருபது வருஷமாக அங்கே குடியிருந்தவர்களும் அங்கேயே பிறந்த பிள்ளைகளும் அந்தக் கேள்விக்கு வெள்ளவத்தை என்று சொல்லி நான் கேட்கவில்லை. பெரியம்மா வீடு ஒரு பெரிய வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ். முன்னால் நல்ல மண்ணாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. ஒரு கறிவேப்பிலைக் கன்றாவது வைக்கலாமே என்று நான் கேட்டதற்குப் பெரியம்மா சொன்னார்: "வாடகை வீட்டில நட்டு ஆருக்கு?" சீதன வீடு ஊரில் பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமையில் விளக்கு வைக்க ஒரு ஆளுக்கு மாதம் தவறாமல் காசுக்கட்டளை போகும். பெரியப்பா பென்சன் எடுக்கும் ஆண்டை நாட்காட்டியில் குறிக்காததுதான் குறை.

ஒரு முறை ஆடி வேலும் விடுமுறைக்குள் வந்தது. வெள்ளி இரதம் செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலில் புறப்பட்டுக் காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு வரும். வீதியின் இரு மருங்கிலும் கடைகள், கட்டுக்கட்டாகக் கரும்பு. கரும்பு வாங்கியவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர். கொழும்புக்காரருக்கு வேல் என்றால் முருகனும் கரும்பும் சேர்ந்த ஒரு விஷயம். கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியப்பாவிடம் செட்டியார் தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"சின்னம்மா வீட்டுப் பக்கம்."

"அங்கே போகலாமா?"

அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா இரதத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா வந்து கூட்டிப்போனார். வாசலில் நின்றபடியே தேத்தண்ணி குடித்தார். புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கியதும், "வாங்க மகன், நடந்தே போவம்," என்றார். ஒரு ஊரைக் காலால்தான் அறியலாம் என்ற கட்சி அவர். என் பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டார்.

செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் கண்ணாடிகள், பழைய கதிரேசன் கோவில், புதிய கதிரேசன் கோவில். இரதம் நிற்கும் இடத்தைக் காட்டினார். பிறகு கொச்சிக்கடை. தெருவின் சத்தம் சட்டென்று அறுந்துவிட்டது. பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குள் நின்றோம். 1850களில் பொன்னம்பல முதலியார் கட்டிய கோவில். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கிக் கருங்கல்லாலேயே அதைத் திருப்பிக் கட்டுவித்தார், 1912இல் முடிந்தது. கல்லுக்குள் பகல் வெயில் நுழையவில்லை, உள்ளங்கால் குளிர்ந்தது. எங்கள் பக்கத்தில் நான் கண்ட எந்தக் கோவிலிலும் அப்படி ஒரு தூண் இல்லை. கத்தோலிக்கரான சித்தப்பா சேட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தூணாக எனக்குக் காட்டினார். வெளியே வந்து சில நிமிட நடையில் அந்தோனியார் கோவில். அங்கே திருநீறு பூசிய பெண்களும் முக்காடு போட்ட பெண்களும் ஒரே வரிசையில் மெழுகுதிரியோடு நின்றார்கள். செவ்வாய்க்கிழமையில் வந்து பார், நிற்க இடமிராது என்றார். சின்னம்மாவும் செவ்வாய்க்குச் செவ்வாய் அந்த வரிசையில்தான் என்பது பிறகு தெரிந்தது. பெரியம்மாவிடம் அதைச் சொல்லக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தானாகவே விளங்கியது.

ஜம்பட்டா வீதியால் ஏறிப்போனோம். சித்தப்பாவுக்கு ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு கதை: யார் கட்டியது, யார் யாரோடு அடிபட்டது. வுல்பெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் தேவாலயம்: 1749இல் அத்திவாரம், 1757இல் திறப்பு. கோட்டைக்குள் கிடந்த ஒல்லாந்த ஆளுநர்களின் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொண்டுவந்து தரையில் பதித்தார்களாம். எங்கள் தீவைக் கட்டி ஆண்டவர்களின் பெயர்களுக்கு மேலால் நான் செருப்பில்லாமல் நடந்தேன். பிறகு புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய குவிமாடம். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் தீபதுத்தாராமய விகாரை. 1873இல் பாணந்துறையில் பாதிரிமாரோடு பெருவாதம் செய்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த விகாரை அது. 1883 உயிர்த்த ஞாயிறன்று அந்த விகாரைக்கு வந்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் கைகலப்பு. கொட்டாஞ்சேனைக் கலவரம் என்று சரித்திரப் புத்தகத்தில் இருக்கும். அந்தக் கலவரத்துக்கு நியாயம் கேட்கப் போய்த்தான் பௌத்தர்களுக்கு வெசாக் விடுமுறை கிடைத்தது, பௌத்தக் கொடியும் உருவானது. 1885 வெசாக் அன்று அந்தக் கொடி முதலில் ஏறியது இந்த விகாரையில். யாழ்ப்பாணத்தில் அந்தக் கொடியை வேறு கண்ணால் பார்த்து வளர்ந்த எனக்கு அது சித்தப்பா வீட்டு முடக்கில் பிறந்த கொடி என்பது நம்ப முடியாமல் இருந்தது.

"இவங்களும் நாங்களும் அடிபட்டோமா?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டன்மார் அடிபட்டாங்க. இப்ப அவங்க வெசாக் பந்தலுக்கு நாங்கதான் மூங்கில் பிடிக்கிறது," என்றார்.

சித்தப்பா வீடு வரிசை வீடுகளில் ஒன்று. இரண்டு அறை, முன்னால் ஒரு ஒடுங்கிய விறாந்தை, வரிசைக்கு ஒரு பொதுக் குழாய். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமும் நல்லூர்க் கந்தன் படமும் பக்கத்தில் பக்கத்தில். ஒரு விளக்கே இரண்டுக்கும் போதும் என்று சின்னம்மா முடிவெடுத்திருந்தார். இரவில் துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதும். சித்தப்பா கப்பலால் இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுக்கிறவர். பகல் முழுக்கக் கோதுமை மா மூட்டை எண்ணிவிட்டு வருவார், விடியப்புறம் சின்னம்மா பாண் கியூவில் நிற்பார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கொட்டாஞ்சேனையை நான் பெரியம்மாவின் நாலு எல்லைபோலக் கணக்குப் பண்ண முயன்றேன், சரிவரவில்லை. ஒழுங்கைகள் நேராகப் போகா. ஒன்று இன்னொருவர் வீட்டுக் குசினிக்குள் போய் முடியும், அவர்கள் "இந்தப் பக்கத்தால போங்க" என்று பின்கதவைத் திறந்துவிடுவார்கள். குழாயடியில் தமிழிலே தொடங்கும் சண்டை சிங்களத்தில் முடியும். பரதர், கொழும்புச் செட்டி, மலையாளி, சோனகர், சிங்களக் கத்தோலிக்கர், இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வெள்ளவத்தைப் பழக்கத்தில் நான் அங்கே எல்லாரையும் "எந்த ஊர்?" என்று கேட்டுத் திரிந்தேன். கேட்டவர்கள் முதலில் விழித்தார்கள், பிறகு சிரித்தார்கள். "எந்த ஊரா? இதே ஊர்தான்."

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வீட்டுத் தாத்தா. ஜிந்துப்பிட்டியில் பிறந்தவர், தகப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூட்டை தூக்கியவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து, மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்களே, அந்தக் கணக்கில் ஒருவர். கடிதம் வந்தால் கப்பலேற வேண்டும். இதுவரை பார்த்திராத ஒன்று அவருக்கு ஊர் என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. என் கேள்விக்கு அவர் அந்தத் தாளை உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார். அதில் இருந்த ஊர்ப் பெயரை நான்தான் அவருக்கு வாசித்துச் சொன்னேன்.

தமிழ்ப் படம் பார்த்தது கொட்டாஞ்சேனையில்தான். செல்லமஹால், கெயிட்டி, கிங்ஸ்லி என்று அங்கே தியேட்டருக்குக் குறைவில்லை. சித்தப்பாவின் தம்பி எம்.ஜி.ஆர். பைத்தியம். உலகம் சுற்றும் வாலிபனுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். 1970இல் ஒசாக்காவில் நடந்த உலகக் கண்காட்சியில் எடுத்த காட்சிகள் திரையில் வந்தபோது, விசிலுக்கு நடுவில் பின்வரிசைக்காரர் ஒருவர், "ஜப்பான் பரவாயில்லையே, நம்ம ஆமர் வீதி மாதிரி சனம்," என்றார். வெளிநாட்டு நகரத்தைப் பார்க்கும் ஆள் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தன் தெருவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அச்சமில்லாமல்.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "உங்கை தண்ணி வென்னி குடிச்சனியோ?"

"சாப்பிட்டனான்," என்றேன். "சின்னம்மா நல்லாச் சமைப்பா."

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, குசினிக்குள் நின்றபடியே, "என்ன கறி வைச்சவள்?" என்று கேட்டார். பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். சரக்குத்தூள் ஊர்த்தூளா கடைத்தூளா என்றும் விசாரித்தார். அடுத்த முறை எங்கள் மூட்டையில் சின்னம்மாவுக்கென்று ஒரு மிளகாய்ப் பை தனியாக இருந்தது. கட்டச் சொன்னது பெரியம்மாதான் என்று அம்மா சொன்னார்.

1983 யூலையில் வெள்ளவத்தை எரிந்தது. பெரியம்மாவின் அனெக்ஸும் எரிந்தது. அவர்கள் பம்பலப்பிட்டியில் ஒரு அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். பெரியப்பாவின் கையில் ஒரு சூட்கேஸ். பூட்டிக் கிடந்த சீதன வீட்டைத் திறந்தார்கள். எத்தனையோ வருஷமாக விளக்கு வைத்துக் காத்த வீடு அன்றைக்கு உதவியது. சின்னம்மா குடும்பத்தை அயலில் இருந்த சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்துப் பிறகு தேவாலயத்தில் கொண்டுபோய் விட்டது. கப்பலில் வரச் சொல்லி அம்மா ஆள் அனுப்பினார். சித்தப்பா வரவில்லை. யாழ்ப்பாணம் எனக்கு மனிசியின்ர ஊர், நான் அங்கே யாரிட்டப் போறது என்று கேட்டாராம். சில கிழமையில் தங்கள் வரிசை வீட்டுக்கே திரும்பிப் போய், உடைந்த கதவுக்குப் பலகை அடித்து இருந்தார்கள்.

பெரியம்மாவுக்கும் ஊர் நெடுநாள் ஊராக இருக்கவில்லை. 87இல் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை. தொண்ணூறுகளில் மகனிடம் கனடாவுக்குப் போவதற்காகத் திரும்பவும் வெள்ளவத்தை, இந்த முறை ஒரு லொட்ஜ் அறை. விசாவுக்காக அங்கே எத்தனையோ கிழவன் கிழவியர் காத்திருந்தார்கள். இரவில் கதவைத் தட்டிப் பொலிஸார் கேட்கும் கேள்வியும் அதேதான்: எந்த ஊர்? எதற்கு வந்தது? எப்போது போவது? கரவெட்டி என்று கற்களில் இருந்து பெருமையாகச் சொன்ன பதிலை அடையாள அட்டையோடும் பொலிஸ் பதிவுத் துண்டோடும் சேர்த்து நீட்ட வேண்டியிருந்தது. 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி, உங்கள் ஊருக்குப் போங்கள் என்று வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. பெரியம்மாவும் பெரியப்பாவும் அதைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே கனடாவில் காலமாகிவிட்டார்கள்.

2014இல் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு நான் விடுமுறைக்குக் கொழும்பு போகும் பழக்கத்தை மறுபடி பிடித்துக்கொண்டேன். இப்போது வாறண்ட் இல்லை, மூட்டையும் சிறிது. வெள்ளவத்தையில் பெரியம்மாவின் அனெக்ஸ் இருந்த இடத்தில் தொடர்மாடி. நெசவாலை இருந்த காணியில் அதைவிட உயர்ந்த தொடர்மாடிகள். தண்டவாளத்தை ஒட்டி மரைன் டிரைவ் என்று அகன்ற வீதி. கற்களில் பின்னேரக் கூட்டம் இன்றும் உண்டு, பாதிப்பேர் கைபேசியில் ஸ்காபரோவோடு கதைக்கிறார்கள். 155ஆம் இலக்க பஸ் காலி வீதியால் வந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிறது. ஏறி யன்னலோரம் இருந்துவிடுவேன்.

அங்கே சின்னம்மாவின் மகன் இருக்கிறான். சித்தப்பாவின் நடையும் வாயும் அப்படியே அவனுக்கு. போன முறை கொச்சிக்கடையில் என்னைக் கூட்டிப்போய், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலை குண்டு வெடித்த இடத்தைக் காட்டினான். கோவில் பழையபடி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரிசையும் பழையபடி. வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள், அது ஒன்றுதான் புதிது. சித்தப்பா சொன்ன 1883 கதையும் ஒரு உயிர்த்த ஞாயிறில்தான் நடந்தது என்றேன். அவனுக்கு அந்தக் கதை தெரியவில்லை. நடந்துகொண்டே நான் சொன்னேன். விகாரை முடக்கு வந்ததும் நின்று, உள்ளே போய் ஒருமுறை பார்ப்பம் என்றான். பார்த்தோம்.

அவனுடைய மகள் வெள்ளவத்தையில் பிளற் வாங்கியிருக்கிறாள். வந்துவிடுங்கள் என்று தகப்பனை நச்சரிக்கிறாள். "பதினோராம் மாடி, அண்ணன். 2022இல கரண்ட் வெட்டினப்ப அவ ஒவ்வொரு நாளும் படி ஏறி அழுதா. எனக்கு முழங்கால் இருக்கிற இருப்பில அங்க போய் என்ன பண்ண? கீழ இறங்கினாலும் யாரையும் தெரியாது." குழாயடிக்குப் பக்கத்தில் அவன் ஒரு முருங்கை நட்டிருக்கிறான். என் அம்மா கொண்டுவந்து கொடுத்த தடி என்றான். எனக்கு ஒரு கட்டுக் காய் பிடுங்கித் தந்து, அதை வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னான்.

பிறகு, இவ்வளவு வருஷமாக வந்துபோகிறீர்கள், இந்த 155 பஸ்ஸின் கடைசித் தரிப்பு வரை ஒருநாளாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை என்றேன். மட்டக்குளி, முகத்துவாரம், களனி கங்கை கடலில் விழும் இடம், அங்கே மீன் மலிவு, அங்கேயும் ஒரு பழைய கோவில் இருக்கிறது என்று விரலை மடக்கத் தொடங்கினான். நாளை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னான். வெயில் ஏற முதல் நடக்கலாமாம்.